பஞ்சு பிய்ந்தது, கூடு இல்லை

ஜூன் 3, செவ்வாய்

இது ஃபர்சானா கொடுத்த டைரி. போன வருடத்தியது. தேதி சரியாக இருக்கும், கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்றாள். ஆராய்ச்சிக்கூடத்து நோட்டில் நான் கண்டதையெல்லாம் எழுதிவைக்கிறேனாம். "பிலோக்கா, நோட்டுல எலியை மட்டும் எழுதுங்க. மத்ததெல்லாம் இதுல எழுதிக்குங்க" என்று சிரித்தாள். நேற்று நோட்டில் பதினொன்றாம் கூண்டுக்குக் கீழே, "புழுக்கம் தாங்கவில்லை, இவருக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். தப்புதான்.

கல்லூரியில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஃபர்சானா முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். இன்று அவளுடைய புதிய சோதனை தொடங்கியது. இருபத்துநான்கு கூண்டு, கூண்டுக்கு ஒரு வெள்ளைச் சுண்டெலி. சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் பிஸ்கட் அளவில் அழுத்திய பஞ்சுக்கட்டி ஒன்று போட வேண்டும். காலையில் போய் மதிப்பெண். பஞ்சைத் தொடவே இல்லை என்றால் ஒன்று. கிண்ணம் மாதிரி சுவர் எழுப்பி உள்ளே படுத்திருந்தால் ஐந்து. பாதி எலிகளுக்கு ஏதோ மருந்து ஊசி, மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கண் பொய் சொல்லுமாம்.

வீட்டுக்காரருக்கு மூன்று வேளையும் மாத்திரை கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று இவர் காப்பியைச் சிந்தாமல் குடித்தார். டம்ளரைத் தூக்கி, வாய் வரை கொண்டுபோய், குடித்து, கீழே வைத்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடுக்குவாதம் என்று சொன்னார்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த கை. அந்த வேலையை விட்டு, குவார்ட்டர்ஸை விட்டு, இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்த மனிதர். ஏப்ரலில் டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததிலிருந்துதான் மாற்றம். மத்தியானம் மேசை விசிறியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். பாட்டு வேறு.

ஜூன் 9, திங்கள்

பதினான்காம் கூண்டுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. பஞ்சுக்கட்டி முழுக்கப் பிய்ந்திருக்கிறது. நூல் நூலாக, பூ மாதிரி. ஆனால் கூடு இல்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோகிறது, திரும்பக் கொண்டுவருகிறது. வெறும் மரத்தூளில் படுத்துத் தூங்குகிறது. உழைப்பைப் பார்த்தால் ஐந்து. கூட்டைப் பார்த்தால் ஒன்று. கூட்டிப் பாதியாக்கி மூன்று போட்டேன்.

ஃபர்சானா ஒத்துக்கொள்ளவில்லை. "மூணுன்னா அரைகுறையா கட்டியிருக்குன்னு அர்த்தம் அக்கா. இது அரைகுறை இல்ல, வேற எதுவோ. பார்த்ததை அப்படியே எழுதுங்க."

"பஞ்சு பிய்ந்தது, கூடு இல்லை" என்று எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

மாத்திரை தீர்ந்துவிட்டது. மே இருபத்தெட்டு அன்று வாங்கியது, நாற்பத்தைந்து. ஒரு மாதம் வரும் என்று கடைக்காரர் சொன்னார். எங்கேயாவது சிந்தியிருக்கும்.

பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன். புதுச் சீட்டு பீரோவில் எங்கேயோ இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் வாசலில் ஆட்கள். இவர் கை சரியாகிவிட்டது என்று தெருவில் பரவிவிட்டது. ஒருவர் இஸ்திரிப்பெட்டி, ஒருவர் மிக்ஸி. பக்கத்து வீட்டு அமலோற்பவம் தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, சீருடை நாற்பது உருப்படி பாக்கி, நூல் அறுந்து அறுந்து போகிறதாம். "அண்ணே, நாளைக்குக் குடுத்துருவீங்களா?" என்றாள். இவர், "நாளைக்கு எதுக்கும்மா? சாயங்காலமே எடுத்துக்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ராத்திரி என்னென்னவோ பேசினார். இருபது வருடமாகப் பேசாததெல்லாம். இந்த வயதில் மற்றதை எழுதக் கூடாது. எழுதவில்லை.

ஜூன் 19, வியாழன்

அமலோற்பவம் தெருவில் நின்று கத்திவிட்டுப் போனாள்.

மெஷின் இன்னும் கூடத்தில் இருக்கிறது. மெஷின் என்று சொல்ல முடியாது. பழைய துணி ஒன்றை விரித்து, அதன்மேல் திருகாணிகளை அளவு பார்த்து வரிசையாக வைத்திருக்கிறார். பெரியது, அதற்குச் சின்னது, அதற்கும் சின்னது. வரிசை முடிந்ததும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறார். நாலு நாளாக அதுதான். மாட்டவில்லை.

"என்னங்க, அந்தப் பொம்பளை பிழைப்பே இதுதான். மாட்டிக் குடுத்துடுங்களேன்."

"ஒரு ஒழுங்கு இருக்கு பிலோ. ஒழுங்கு வந்தப்புறம்தான் மாட்டணும்."

"எப்ப வரும்?"

"இப்ப வந்துரும்." என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபமாகவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால், இதோ, இதோ என்கிறார். கை மட்டும் துளி ஆடவில்லை.

ஃபிட்டராக இருந்தவர். எதையும் முறையாகச் செய்கிறவர். அதனால் இருக்கும்.

ஜூன் 21, சனி

பாலக்கரையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து மெஷினை மாட்டச் சொல்லி, அமலோற்பவம் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். பேசவில்லை.

ஜூலை 2, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம் வரிசை. டாக்டர் இவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார். "பரவாயில்லையே, பாதி மாத்திரைக்கே நல்லா இருக்காரே" என்றார். கால் இன்னும் ஏன் வீங்கியிருக்கிறது என்று யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "புதுசா ஏதாவது பழக்கம்? சீட்டாட்டம், அது இது வாங்கிக் குவிக்கிறது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யறது?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சீட்டாட்டம் இல்லைதானே.

வருகிற வழியில் இவருக்குப் பிடித்த பால்கோவா வாங்கினோம்.

ஜூலை 11, வெள்ளி

சோதனையின் முதல் பாதி முடிந்தது. ஃபர்சானா உறையைப் பிரித்து எந்தக் கூண்டுக்கு என்ன மருந்து என்று படித்தாள். பதினான்குக்கு மருந்து. நான் "பிய்ந்தது, கூடு இல்லை" என்று எழுதிய ஒன்பது கூண்டில் எட்டுக்கு மருந்து. குதித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க கண்ணுதான் இதைக் கண்டுபிடிச்சது" என்றாள்.

ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்டேன். காகிதத்தில் மூளை வரைந்து காட்டினாள். "நடுவாக்குல, அடியில இந்த இடம். ஒரு வேலையை ஆரம்பி, திரும்பச் செய்னு தள்ளிவிடறது இதுதான். நெத்திப் பக்கம் இருக்கிறது, போதும், முடிஞ்சுதுன்னு சொல்லும். ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கணும். இந்த மருந்து அடியில இருக்கிறதை மட்டும் உசுப்பி விடுது. அதனால கூடு எதுக்குங்கிறதே மறந்துபோகுது. பிய்க்கிறது மட்டும் நிக்காது." அந்த இடத்தின் பெயர் ஸ்ட்ரையாட்டம். ஆட்டம் என்று முடிவதால் மறக்காது.

"என்ன மருந்து இது?"

"புதுசு ஒண்ணும் இல்லக்கா. நடுக்குவாதத்துக்கு மனுசங்களுக்குக் குடுக்கிற மாத்திரை ஜாதிதான். அளவு கூடினா என்ன ஆகுதுன்னு பார்க்கிறோம்."

அதன் பிறகு தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவினேன். இருபத்துநான்கு. ஒவ்வொரு மூடியிலும் உள்ள ரப்பரையும் கழற்றிக் கழுவினேன். இரண்டு ரப்பர் வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். மரத்தூள் மூட்டை ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 12, சனி

காலையில் பாதி கொடுத்தேன். மத்தியானமும் பாதி. சாயங்காலம் ரசச் சோற்றைப் பிசையும்போது கை ஆடியது. தட்டு தாளம் போட்டது. இவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி ஒன்று கொடுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

மருந்தை நிறுத்திய எலிகள் பத்து நாளில் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டன. பதினான்காம் கூண்டு எலி நேற்றுக் காலை நல்ல கிண்ணம் கட்டி உள்ளே சுருண்டிருந்தது. ஐந்து போட்டேன்.

இன்று அதன் மூளையை எடுத்துவிட்டார்கள். சோதனையின் முடிவு அப்படித்தான், எனக்குத் தெரியாததில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தில் வெளியே போய் நின்றேன். மருந்து கொடுத்த பன்னிரண்டு கூண்டும் காலி. கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீட்டில் இப்போது ஓடாதவை: சுவர்க்கடிகாரம் இரண்டு, ரேடியோ, மேசை விசிறி, மிக்ஸி, என் குடை. எல்லாமே துணிமேல் வரிசையாக இருக்கின்றன. குடைக் கம்பிகளை நீளம் பார்த்து அடுக்கியிருக்கிறார்.

அடுக்கும்போது சந்தோஷமாக இருக்கிறார். அதுதான் எனக்குப் புரியவில்லை. நிறுத்தச் சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரி முகம் போய்விடுகிறது. இது வியாதி என்றால், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது என்ன? எது நல்லது? கேட்கவும் ஆள் இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், கோபம், பொறாமை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வாங்கினேன். கடையில் புதுப் பையன், சீட்டே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மகள் ஷைனி திருப்பூரிலிருந்து மூன்று நாள் லீவுக்கு வந்திருந்தாள். காலையில் அவள் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வரும்போது வாசல்படியிலேயே கேஸ் வாடை. கூடத்தில் இவர் அடுப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். பித்தளைப் பர்னர், குமிழ்கள், திருகாணிகள், எல்லாம் வரிசையாக. அடுப்படியில் சிலிண்டர் திறந்தபடி. ரப்பர்க் குழாய் தரையில் சீறிக்கொண்டு கிடந்தது.

ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். ஜன்னலையெல்லாம் திறந்தேன். ஷைனி அறைக் கதவைத் தள்ளி அவளை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். "தலை வலிக்குதும்மா" என்றாள். சேசுவே. அவளை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். இவர் அங்கிருந்து, "கதவைத் தொறந்து போடாத பிலோ, காத்துல வரிசை கலையுது" என்றார்.

அவருக்கு மோப்பம் போய் மூன்று வருடம் ஆகிறது. அது தெரிந்துதான் நான் அவரை வீட்டில் விட்டுப் போனேன்.

அரை மணி கழித்து ஷைனிக்குத் தெளிந்தது. உள்ளே போய் பீரோவைக் குடைந்தாள். ஆஸ்பத்திரிக் கோப்பு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினாள்.

"அம்மா, அப்பாவுக்கு எவ்வளவு குடுக்கிற?"

"டாக்டர் சொன்னபடிதான்."

"எந்தச் சீட்டுல சொன்னபடி? இதுல மே மாசமே பாதின்னு போட்டிருக்கு."

"எழுத்து சரியா தெரியலடி."

"பாதின்னு தமிழ்ல எழுதியிருக்கும்மா."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. என்னையே பார்த்தாள். "அவரு கை ஆடக்கூடாதுன்னா?" என்று கேட்டாள்.

கட்டில்மேல் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி எடுத்தேன்.

"நான் உள்ள படுத்திருந்தேன்மா."

ஆகஸ்ட் 18, திங்கள்

ஷைனி லீவை நீட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மே கடைசியில் கால் வீக்கத்துக்காகவும் பகல் தூக்கத்துக்காகவும் அவர் பாதியாகக் குறைத்தது, நான் குறைக்காதது, ஜூலையில் அவர் கேட்டபோது நான் இல்லை என்றது. ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தெரியவந்ததையும் சொன்னேன். தெரிந்த பிறகும் ஐந்து வாரம் கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை வீட்டுல இருக்கிறவங்க சொல்றதே இல்லம்மா. ஆளு சந்தோஷமா இருக்காரேன்னு விட்டுடறாங்க" என்றார். உடனே நிறுத்தக் கூடாதாம், படிப்படியாகத்தான் இறக்க வேண்டுமாம். கை ஆட்டம் திரும்பும் என்றார். கொஞ்ச நாள் எரிச்சல், அழுகை எல்லாம் இருக்கும் என்றார்.

இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் மேசைமேல் இருந்த குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 23, சனி

குறைத்து ஐந்து நாள். துணிமேல் இருந்ததையெல்லாம் இவரே ஒரு வாளியில் அள்ளிப் போட்டார். எதற்கு இதையெல்லாம் கழற்றினேன் என்று என்னிடம் கேட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேலை முடிந்து வந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படியும் தோள் ஆடியது.

"ஒண்ணு குடு பிலோ. ஒரே ஒண்ணு."

"டாக்டர் கூடாதுன்னுட்டாருங்க."

"அப்பவும் கூடாதுன்னுதான் சொன்னாரு. நீ குடுக்கலையா?"

ஷைனி சொல்லியிருப்பாளோ என்று நினைத்தேன். கேட்டேன்.

"அவ எதுக்குச் சொல்லணும்? பாதி மாத்திரைக்கும் முழு மாத்திரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஆஸ்பத்திரியில அவரு பாதின்னு சொல்லும்போது நானும்தானே இருந்தேன். ராத்திரி நீ முழுசா கையில வச்ச. நான் வாயில போட்டுக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

மாத்திரை அட்டை என் முந்தானை முடிச்சில் இருந்தது. ஒளித்து வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். எழுந்து வந்து பிடுங்கியிருக்கலாம், பிடுங்கவில்லை. நானும் அவிழ்த்துக் கொடுத்திருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "அந்த மூணு மாசம் நான் நல்லா இருந்தேன் இல்ல?"

"நல்லா இருந்தீங்க."

"உன்கிட்ட நல்லா இருந்தேனா?"

இருந்தீர்கள் என்றேன். அழுகை வந்துவிட்டது. அந்த ராத்திரிகளில் என்னோடு பேசியது இவரா, மாத்திரையா? என் பெயரைச் சொல்லி, கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த சேலையின் நிறத்தைச் சொன்னாரே, அது மாத்திரைக்கு எப்படித் தெரியும்? ஆனால் மாத்திரை இல்லாமல் இருபது வருடம் சொல்லவில்லையே. இதை ஃபர்சானாவிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். அவள் படம் வரைந்து காட்டுவாள். படத்தில் இது இருக்காது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள் பூசை சாயங்காலம் ஆறு மணிக்கு. இவர் வருகிறேன் என்றார். மூன்று வாரமாக வாசல் தாண்டாதவர். வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கம் போலப் பித்தானைப் போட்டுவிடப் போனேன். கையைத் தள்ளிவிட்டார்.

"விடு. நான் போடறேன்."

ஐந்தேகால் இருக்கும் அப்போது. முதல் பித்தானைப் பிடிக்கிறார், நழுவுகிறது. பிடிக்கிறார், துளைக்குப் பக்கத்தில் போகிறது, விரல் ஆடி விலகுகிறது. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். ஐந்தரைக்கு ஒன்று துளையில் விழுந்தது. வியர்த்துக் கொட்டியது. "விசிறி போடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டியதா, ஆடியதா என்று தெரியவில்லை, மேல் விசிறியைப் போட்டேன். கோயில் மணி அடித்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். திருநாள் அதுவுமாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார்.

கடைசிப் பித்தான் போட்டு முடிக்கும்போது மணி ஆறே கால். "போதும், வா" என்று எழுந்தார்.

ஒரு துளை மாறிப் போட்டிருந்தார். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சொல்லவில்லை. பிரசங்கம் முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் பக்கம் பெஞ்சு நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள்.